வீதிக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம்

பாலர் வகுப்புக் கதிரை ஒரு முழ உயரம்தான் இருக்கும். அதில் என் கணவர் ரகு உட்கார்ந்தபோது முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு நேரே வந்துவிட்டன. குளிர்கால ஜக்கெற்றை அவர் கழற்றவேயில்லை. ஸிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல இருந்தார்.

"ஜக்கெற்றைக் கழட்டுங்கோவன், வேர்க்கப்போகுது," என்றேன்.

"இப்ப எழும்பிப் போறதுதானே," என்றார்.

அது மாசி மாதத்து ஒரு பின்னேரம். ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் எங்கள் வீட்டு யன்னலைத் திறந்தால் தெரிவது அந்தப் பள்ளிக்கூடம்தான். நடுவில் ஒரு வீதி மட்டும். அடுத்த புரட்டாதியில் பாலர் வகுப்பில் சேரக்கூடிய பிள்ளைகளின் பெற்றோரை அன்றைக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

மண்டப வாசலில் பனியில் நனைந்த சப்பாத்துகள் குவிந்து கிடந்தன. நிலத்துக்குப் பூசிய மெழுகும் ஈரக் கம்பளியும் கலந்த ஒரு வாசம். தலைமை ஆசிரியை ஒரு வசனம் சொல்வார். அது மண்டபம் முழுக்கப் பல மொழிகளில் கிசுகிசுப்பாக ஓடும். ஓடி அடங்கிய பிறகுதான் அடுத்த வசனம். பின்னால் கைக்குழந்தைகள் அழுதன. பக்கத்து மாடிக் கட்டடங்களிலிருந்து வந்த தாய்மார்தான் அங்கே கூடுதல். சோமாலியர், ஆப்கானியர், பிலிப்பினோக்கள், எங்கட ஆட்கள், வீடில்லாதவர்களுக்கான தங்குவிடுதியிலிருந்து வந்த இரண்டொரு குடும்பங்கள்.

மகள் தாரணி என் மடியில் இருந்தாள். அப்போது அவளுக்கு நான்கு வயது நிரம்பவில்லை. ஒரு ஆசிரியை குனிந்து அவளுடைய பெயரைக் கேட்டார். தாரணி என் சால்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அவள் அப்படித்தான். வீட்டுக்குள் வாய் ஓயாது. வாசலைத் தாண்டினால் ஒரு சொல் வராது. காதில் குறையில்லை, புத்தியில் குறையில்லை, கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். ஆகவே எந்தப் பள்ளிக்கூடம் என்ற கேள்வி எங்களுக்கு, எந்த இடத்தில் இவள் வாய் திறப்பாள் என்ற கேள்வியாகவும் இருந்தது.

சென்ற கிழமை இந்தப் பக்கத்தில் எங்கள் கல்யாணத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு ஒருவர் பத்திரிகைக்குத் தொலைபேசி எடுத்தாராம். "கலியாணக் கதை இருக்கட்டும். அவ பிள்ளையை ஏன் உந்தப் பள்ளிக்கூடத்திலை விட்டவ? தன்ர கொள்கைக்குப் பிள்ளையை வைச்சுப் பரிசோதனை செய்தவவோ எண்டு கேட்டு எழுதச் சொல்லுங்கோ."

அவர் யாரென்று தெரியாது. ஆனால் கேள்வி நியாயமானது. நானும் ரகுவும் ஒரு வருடத்துக்கு மேலாக ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டதும் அதையேதான்.

ஸ்ரௌவ்வில் வீடு

என் அக்கா சுகி அதற்குச் சில வருடங்களுக்கு முன்பே நகரத்துக்கு வெளியே, ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கிப் போய்விட்டாள். புதுக் குடியிருப்பு. ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி கராஜ் கதவுகள், இன்னும் இடுப்பளவு கூட வளராத மரங்கள். பால் வாங்குவதற்கும் காரில்தான் போகவேண்டும்.

"மதி, அங்கை பள்ளிக்கூடம் எண்டால் பள்ளிக்கூடம்," என்பாள் அக்கா. "பள்ளிக்கூடங்களின்ர தரவரிசைப் பட்டியல் எடுத்துப் பார். உங்கட வீட்டு முன்னாலை இருக்கிறது எங்கை கிடக்குது, அது எங்கை நிக்குது."

ஒருநாள் அவளோடு போய் அந்தப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தோம். பொய் சொல்லக்கூடாது, எனக்கும் ஆசை வந்தது. பெரிய யன்னல்கள், நூலகத்தில் மெத்தென்ற இருக்கைகள், பெற்றோர் சேர்ந்து போட்டுக்கொடுத்த புதிய விளையாட்டுத் திடல்.

நான் பயந்தபடி அங்கே வெள்ளைப் பிள்ளைகள் மட்டும் இருக்கவும் இல்லை. சுவரில் தொங்கிய படங்களில் சீனப் பிள்ளைகள், பஞ்சாபிப் பிள்ளைகள், திருநீறு பூசிய ஒரு பெடியன். பெயர்களை வாசித்துக்கொண்டு போனால் பாதி வழியில் எங்கள் கோயில் திருவிழாவுக்கு வந்தது போல இருந்தது.

"பாத்தனியோ?" என்றாள் அக்கா. "எங்கட பிள்ளையள் எத்தினை பேர். நீ சும்மா பயப்பிடுறாய்."

நான் அடுத்த படத்துக்கு நகர்ந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா குடும்பமாக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். அவளுடைய மகள் அனிகாவுக்கு அப்போது ஏழு வயது. வாசலில் நின்று எங்கள் வீட்டை மேலும் கீழும் பார்த்தாள். எங்களுடையது ரவுண்ஹவுஸ், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடு.

"சித்தி, உங்கட வீடு ஏன் பக்கத்து வீட்டோட ஒட்டியிருக்கு?" என்று கேட்டாள். "முதல்ல தனிய இருந்து பிறகு உடைஞ்சு போச்சா?"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். கெட்ட பிள்ளை அல்ல, அன்பான பிள்ளை. அவள் படிக்கும் வகுப்பில் எல்லா நிறத்திலும் பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் எல்லோரும் பின்னேரம் ஒரே அளவான வீடுகளுக்குத்தான் திரும்பிப் போனார்கள். வீடு என்றால் இன்னொரு மாதிரியும் இருக்கும் என்று அவளுக்குத் தெரிய வாய்ப்பே வரவில்லை.

அன்று பாத்திரம் கழுவும்போது அதை ரகுவிடம் சொன்னேன்.

"சின்னப் பிள்ளையின்ர கதைக்கு வியாக்கியானம் எழுதாதையும்," என்றார்.

அந்தக் கோட்

நான் ஏன் இவ்வளவு யோசித்தேன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாங்கள் முதலில் ரொறன்ரோவில் இறங்கவில்லை. ஒன்ராறியோவின் வடக்கே ஒரு சிறிய ஊரில், ஒரு தேவாலயத்து ஆட்கள் எங்களை ஏற்றுக்கொண்டார்கள். அம்மா, அப்பா, அக்கா, நான். அந்தப் பள்ளிக்கூடத்தில் எங்கள் நிறத்தில் நாங்கள் இருவர் மட்டும். அக்கா பெரிய வகுப்பு என்பதால் மதியத்தில் கூட அவளைக் காணக் கிடைக்காது.

யாரும் என்னை அடிக்கவில்லை, பழிக்கவில்லை. உண்மையில் எல்லோரும் மிகவும் நல்லவர்கள். அதுதான் கஷ்டமாக இருந்தது. படம் எடுக்கும்போதெல்லாம் என்னைப் பிடித்து முன்வரிசையில் நிற்பாட்டுவார்கள்.

முதல் குளிர்காலத்தில் தேவாலயத்து அம்மா ஒருவர் எனக்கு ஒரு கோட் கொண்டுவந்து தந்தார். கத்தரிப்பூ நிறம், தொப்பியைச் சுற்றி வெள்ளை மயிர். அவ்வளவு அழகான உடுப்பு அதற்கு முன் எனக்கு இருந்ததில்லை. அடுத்த நாள் போட்டுக்கொண்டு போனேன்.

உடுப்புக் கொளுவும் இடத்தில் ஒரு பிள்ளை ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "அது என்னுடைய பழைய கோட்," என்றாள். முகம் முழுக்கச் சந்தோஷம். "உள்பொக்கெற்றில் ஒரு ஓட்டை இருக்கும், கவனம்." தன் கையை என் கோட்டுக்குள் விட்டு அந்த ஓட்டையை எல்லோருக்கும் காட்டினாள்.

அவள் எனக்கு உதவி செய்ததாகத்தான் நினைத்தாள். இன்றைக்கும் அவள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தக் குளிர்காலம் முழுக்க நான் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு குளிரில் நடந்துதான் பள்ளிக்கூடம் போனேன். வாசலுக்குக் கிட்டே வந்ததும் சுருட்டிப் பையில் வைத்துவிடுவேன். அம்மா கேட்டால் வேர்க்கிறது என்பேன்.

அக்காவுக்கும் அந்த ஊர் நினைவிருக்கிறது. ஆனால் அவள் அதிலிருந்து வேறொரு பாடம் எடுத்துக்கொண்டாள். எங்கே போனாலும் கொடுக்கிற இடத்தில் இருக்கவேண்டும், வாங்குகிற இடத்தில் இருக்கக்கூடாது என்பது அவளுடைய பாடம். அதையும் நான் பிழை என்று சொல்லமாட்டேன்.

ரகு படித்த இடம்

ரகுவின் கதை நேர் எதிர். அவர் பதினொரு வயதில் ஸ்காபரோவுக்கு வந்து, எங்கட பிள்ளைகள் நிறைந்த ஒரு பள்ளிக்கூடத்தில் படித்தார். தனிமை என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. இடைவேளையில் கிரிக்கெட், பகிடி, சண்டை எல்லாம் தமிழில்தான்.

எட்டாம் வகுப்பு முடியும்போது, உயர்பள்ளியில் யார் எந்தப் பிரிவுக்குப் போவது என்று ஆசிரியர்கள் பிரித்தார்கள். ரகுவையும் அவருடைய கூட்டாளிமாரையும் ஒரே அடியாக, பல்கலைக்கழகத்துக்கு வழியில்லாத கைவேலைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். கறுப்பினப் பெடியன்களையும் அப்படித்தான். ரகுவுக்குக் கணக்கு நன்றாக வரும். யாரும் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. ஆங்கிலம் விளங்காத அவருடைய தகப்பன், ஆசிரியர்கள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

பிறகு வேலை செய்துகொண்டே மாலை வகுப்புக்குப் போய் அந்தக் கணக்கையெல்லாம் படித்து முடித்தார். இப்போது மிசிசாகாவில் விமான நிலையச் சரக்குப் பகுதியில் பொறுப்பான வேலை. ஆனால் அந்த வருடங்கள் போனது போனதுதான்.

அதைப் பற்றி அவர் அதிகம் கதைக்கமாட்டார். ஒருமுறை மட்டும் கதைத்தார். பள்ளிக்கூடம் பற்றி எங்களுக்குள் வாக்குவாதம் முற்றிய ஒரு சனிக்கிழமை காலை.

"உம்மை அங்கை தனிய விட்டவை. அது எனக்கு விளங்குது," என்றார். "என்னை ஒருத்தரும் தனிய விடேல்லை. ஒருத்தரும் கெட்ட சொல்லும் சொல்லேல்லை. எங்களிட்டை ஒண்டையும் எதிர்பாக்கேல்லை, அவ்வளவுதான். ஏழைப் பிள்ளையள் கூடின பள்ளிக்கூடம் எண்டால் உது நடக்கும், மதி. கண்ணுக்கே தெரியாமல் நடக்கும். என்ர பிள்ளைக்கு அது நடக்கக்கூடாது."

அவருடைய பயமும் என்னுடைய பயமும் ஒன்றையொன்று வெல்லக்கூடியவை அல்ல. இரண்டும் நடந்தவை.

ஒரு கேள்வி

இப்போது மறுபடி அந்தக் குட்டிக் கதிரைகளுக்கு வருகிறேன்.

தலைமை ஆசிரியை பேசி முடித்து, ஏதாவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டார். மதியச் சாப்பாடு, பஸ், தடுப்பூசி என்று தாய்மார் கேட்டார்கள். அப்போது ரகு எழும்பினார். அந்தக் கதிரையிலிருந்து எழும்புவதற்கு அவருக்கு இரண்டு தரம் முயற்சி வேண்டியிருந்தது.

"இந்தப் பிள்ளைகளிடம் நீங்கள் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

தலைமை ஆசிரியை ஒவ்வொரு பிள்ளையும் தனித்துவமானது என்பது போல ஏதோ சொன்னார். கடிதத்தில் எழுதுவது போன்ற பதில். ரகு என்னைப் பார்த்தார். பாத்தீரோ என்று கேட்பது போலிருந்தது அந்தப் பார்வை.

வெளியே போகும்போது, தாரணியிடம் பெயர் கேட்ட அந்த ஆசிரியை பின்னால் வந்தார். மிஸ் கரோல். ஜமைக்காவில் பிறந்தவர், நரைத்த தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தார். "அந்தக் கேள்வியை என்னிடம் அடுத்த வருடம், வகுப்பு முடியும் ஆனி மாதத்தில் திரும்பக் கேளுங்கள்," என்றார் ரகுவிடம். "கேட்காமல் விட்டால் எனக்குக் கோபம் வரும்."

ரகு தலையை மட்டும் ஆட்டினார். வீதியைக் கடக்கும்போதுதான் சொன்னார்: "அந்த மனுசி பரவாயில்லை."

இப்போதைக்கு

கடைசியில் நாங்கள் செய்தது முடிவு எடுத்ததல்ல, முடிவைத் தள்ளிப்போட்டது. ஸ்ரௌவ்வில்லில் எங்களுக்கு ஏற்ற வீடு கிடைக்கும்வரை தாரணி முன்வீதிப் பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும். வீடு கிடைத்ததும் மாறிவிடலாம். அக்காவிடம் அப்படித்தான் வாக்குக் கொடுத்தோம். அவளும் மும்முரமாக வீடு தேடத் தொடங்கினாள்.

அந்த இலையுதிர்காலம் இலகுவாக இருக்கவில்லை. நூலகம் கிழமையில் பாதி நாள்தான் திறந்திருந்தது. பெடியன் ஒருவன் கதிரையைத் தூக்கி எறிந்ததால் ஒருநாள் வகுப்பையே வெளி விறாந்தைக்குக் கொண்டுபோனார்கள். அவன் சில கிழமைக்கு முன்புதான் தாயோடு தங்குவிடுதிக்கு வந்திருந்தான் என்று பிறகு தெரிந்தது. தெரிந்த பிறகும் பயமாகத்தான் இருந்தது. அன்று வேலையிலிருந்து அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து அழுதேன்.

"நான் சொன்னனான்தானே," என்றாள் அவள். சொல்லிவிட்டு உடனே, "சரி, அழாதை, வீடு பாப்பம்," என்றாள்.

தாரணி காலையில் அடம்பிடிக்காமல் போவாள், பின்னேரம் சிரித்துக்கொண்டு வருவாள். ஆனால் பேசவில்லை. புரட்டாதி போய், ஐப்பசி போய், மார்கழியும் வந்தது. வகுப்பில் ஒரு சொல் கிடையாது.

ரகு ஒருநாள் லீவு போட்டு மிஸ் கரோலைப் பார்க்கப் போனார். திரும்பி வந்து சமையலறையில் நின்றுகொண்டே சொன்னார்.

"ஒவ்வொரு நாள் காலமையும் அவளிட்டை ஒரு கேள்வி கேக்கிறாவாம். பேர் என்ன எண்டில்லை, யோசிச்சுச் சொல்ல வேண்டிய கேள்வி. மற்றப் பிள்ளையளிட்டைக் கேக்கிற மாதிரியே. கேட்டுப்போட்டுக் காத்துக்கொண்டு நிப்பாவாம். பதில் வரேல்லை எண்டதுக்காக நான் கேக்கிறதை விடமாட்டன் எண்டு சொன்னா."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நான் என்னத்தைச் சொல்ல. தாங்க்ஸ் எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்."

அன்று அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. நான் கவனித்தேன், ஆனால் கேட்கவில்லை.

பனி கொட்டிய பின்னேரம்

தை மாதத்தில் ஒருநாள், நான் வேலை செய்யும் மார்க்கம் நகரத்துக் கண்ணாடிக் கடையில் ஒருவருக்கு மூக்குக்கண்ணாடி அளவெடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது. சிறிது நேரத்தில் எதிரே நின்ற கார்கள் தெரியவில்லை. வழக்கமாகத் தாரணியைக் கூட்டிவரும் பக்கத்து வீட்டு அன்ரி அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருந்தா. நான் நேரத்தோடு வெளிக்கிட்டும், கார் ஊர்ந்து ஊர்ந்து ஒரு சந்தியில் நின்றுவிட்டது. ரகு 401 நெடுஞ்சாலையில், மிசிசாகாவுக்கும் வீட்டுக்கும் நடுவில் எங்கேயோ.

பள்ளிக்கூடத்திலிருந்து மிஸ் கரோல் தொலைபேசி எடுத்தார். "அவசரப்படாதீர்கள், நாங்கள் இருக்கிறோம்," என்றார் முதலில். பிறகு, "அயானின் அம்மா இங்கே நிற்கிறார். தாரணியைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்திருக்கலாமா என்று கேட்கிறார். முடிவு உங்களுடையது," என்றார்.

அயான் தாரணியின் வகுப்புப் பிள்ளை. அவளுடைய தாய் ஹோடனை எனக்கு வாசலில் பார்த்த பழக்கம்தான். சோமாலியப் பெண், நீல நிற நீண்ட கோட், எப்போதும் நேரத்துக்கு முன்பே வந்து நிற்பா. வணக்கம் சொல்வோம், குளிரைப் பற்றிக் கதைப்போம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருக்கும் உயர மாடியில் வீடு என்று தெரியும். அதற்குமேல் ஒன்றும் தெரியாது.

காரின் கண்ணாடித் துடைப்பான் அங்கும் இங்கும் போய்க்கொண்டிருந்தது. "ஓம்," என்றேன். பிறகு ஆங்கிலத்தில் ஒருமுறை சொன்னேன்.

ரகுவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன்.

"ஆரெண்டே தெரியாத ஆக்களிட்டையோ, மதி?"

"தெரியும். அயான்ர அம்மா."

"அவவின்ர வீட்டிலை ஆர் ஆர் இருக்கினம் எண்டு தெரியுமோ?"

"தெரியாது," என்றேன். பிறகு மிஸ் கரோல் தந்த விலாசத்தை அவருக்குச் சொன்னேன்.

நல்லாக இருட்டிய பிறகு ரகுவிடமிருந்து அழைப்பு வந்தது. நான் இன்னும் வீதியில்தான். காருக்குள் சத்தமாகக் கேட்கும்படி போட்டேன். அவர் பேசவில்லை. இரைச்சல் மட்டும் கேட்டது.

"என்னப்பா? போயிட்டியளோ? பிள்ளை எங்கை?"

"உஷ்," என்றார் ரகு. "கேளும்."

கதவுக்குப் பின்னாலிருந்து வருவது போல ஒரு குரல். ஆங்கிலத்தில், உச்சத் தொனியில், யாருக்கோ கட்டளை போடுகிற குரல். நீ அங்கே இரு, நீ கையை உயர்த்து, நான்தான் மிஸ் கரோல், நான் கேட்டால் நீ யோசித்துத்தான் பதில் சொல்லவேண்டும். யாரோ பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தக் குரல் அவர்களை அதட்டியது.

அது எங்கள் மகளின் குரல்.

"இவ்வளவு நேரமும் வாசல்லதான் நிக்கிறன்," என்றார் ரகு, அடித்தொண்டையில். "தட்டினால் நிப்பாட்டிப்போடுவாள் எண்டு பயமாக் கிடக்கு."

பச்சை விளக்கு விழுந்ததை நான் கவனிக்கவில்லை. பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது ரகு அவர்கள் வீட்டுக் கம்பளத்தில் சப்பணம் கட்டி உட்கார்ந்திருந்தார். கையில் ஏலக்காய் போட்ட தேநீர், முன்னால் ஒரு தட்டில் சூடான சமூசா. தாரணி, அயான், அயானின் இரண்டு தம்பிமார் எல்லோரும் மேசைக்குக் கீழே. என்னைக் கண்டதும் தாரணி நிறுத்தவில்லை. "அம்மா, நீங்கள் லேட். போய் அங்கை இருங்கோ," என்றாள்.

"உங்கள் பிள்ளை பேசமாட்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள்," என்றா ஹோடன். "வந்ததிலிருந்து எனக்கே வேலை சொல்கிறாள். எங்கள் வீட்டு ரீவி ஏன் இவ்வளவு சின்னது என்றும் கேட்டாள்."

நான் வெட்கத்தில் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். ஹோடன் கையை அசைத்துச் சிரித்தா. "அயான் உங்கள் வீட்டுக்கு வரட்டும். அவள் இதைவிட மோசமாகக் கேட்பாள்."

அப்படியே நடந்தது. அடுத்த சனிக்கிழமை அயான் வந்து, எங்கள் வீட்டில் இவ்வளவு இடம் இருக்க ஏன் ஒரே ஒரு பிள்ளை மட்டும் இருக்கிறது என்று கேட்டாள். இரண்டு பிள்ளைகளும் மாறி மாறிப் போய்வந்தார்கள். ஒரு வீட்டில் கூடுதலாக இருப்பது மற்ற வீட்டில் குறைவு என்பதை அவர்கள் மறைக்கவும் இல்லை, பெரிதுபடுத்தவும் இல்லை.

மாசி மாதத்தில் ஒரு காலை, மிஸ் கரோல் கேட்ட கேள்விக்குத் தாரணி வகுப்பில் பதில் சொன்னாள். பதில் பிழையாம். மிஸ் கரோல் அதைத் திருத்திவிட்டு அடுத்த கேள்வியையும் கேட்டாராம்.

தொலைபேசி எடுத்த வாசகருக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். நாங்கள் கொள்கைக்காகப் பிள்ளையை அங்கே விடவில்லை. வசதி குறைந்த பிள்ளைகளோடு எங்கள் பிள்ளையைப் படிக்க விட்டது பெருந்தன்மை என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். பனிப்புயலில் எங்கள் பிள்ளையைக் கூட்டிப்போய்ச் சாப்பாடு கொடுத்து வைத்திருந்தது அவர்கள்தான்.

மீன் வெட்டக் கொடுத்த நேரம்

வசந்தம் வந்தது. அக்காவின் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு விலைக்கு வந்தது. நாங்கள் கேட்டது போலவே எல்லாம் இருந்தது. அக்கா குதித்தாள். வாக்குக் கொடுத்தாயிற்று. போய்ப் பார்த்தோம், நல்ல வீடு என்றோம், வீட்டு முகவர் மூலமாக எங்கள் விலையையும் எழுதிக் கொடுத்தோம்.

அந்த நாட்களில் ரகு வீட்டில் அதிகம் பேசவில்லை. ஆசையில் தவிக்கிறார் என்று நினைத்தேன். அவர் படித்த கதையைச் சொன்ன பிறகு, வேண்டாம் என்று என்னால் எப்படிச் சொல்லமுடியும்? வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

முடிவு தெரியவேண்டிய ஞாயிற்றுக்கிழமை மார்க்கம் வீதியில் மீன் வாங்கப் போனோம். கடையில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டுக் காருக்குள் இருந்தபோது முகவர் எடுத்தார். ரகு "ம்", "ம்" என்று கேட்டார். பிறகு தொலைபேசியை மடியில் வைத்தார்.

"வீடு கைவிட்டுப் போட்டுது," என்றார். "வேறை ஆக்கள் கூடின விலை குடுத்து எடுத்திட்டினம்."

"ஐயோ," என்றேன்.

நான் நல்ல நடிகை அல்ல. ரகு திரும்பி என்னைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"நீர் கவலைப்படேல்லை," என்றார்.

"நீங்களும்தான்."

அவருடைய வாயின் ஓரம் துடித்தது. முதலில் யார் சிரித்தது என்று இன்றைக்கும் எங்களுக்குள் சண்டை. பக்கத்துக் காரில் இருந்த மனுசி திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"வேண்டாமெண்டால் முதலே சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"அந்த வடக்கு ஊர்ல நீர் பட்ட பாட்டை வைச்சுக்கொண்டு, ஸ்ரௌவ்வில்லுக்கு ஓமெண்டு சொல்ல உமக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும். பிறகு நான் எப்பிடி மாத்திச் சொல்லுறது?" என்றார். "நீர் ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் எட்டாம் வகுப்புக் கதை சொன்னனீங்கள்."

அவர் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். "அது அப்ப. பிள்ளை பிழை விட்டால் மிஸ் கரோல் திருத்திறா, மதி. எனக்கு ஒருத்தரும் திருத்தேல்லை."

அப்போதே அக்காவிடமிருந்து அழைப்பு. "கவலைப்படாதை, இன்னொரு வீடு வரும். நான் விடமாட்டன்," என்றாள்.

ரகு என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினார். "மச்சாள், இனிப் பாக்க வேண்டாம். நாங்கள் இஞ்சையே இருக்கப்போறம்."

அக்கா, "பிள்ளையின்ர படிப்பு?" என்றாள்.

"நான் ஆனி மாதம் போய்க் கேப்பன். ஒவ்வொரு வருசமும் கேப்பன்," என்றார் ரகு. "சரிவரேல்லை எண்டால் உங்களுக்குத்தான் முதல் எடுப்பன்."

அக்கா பெருமூச்சு விட்டாள். "சரி, அப்ப சனிக்கிழமை பிள்ளையைக் கொண்டு வாங்கோ. அனிகா தேடுறாள்," என்றாள்.

இது நடந்து சில வருடங்களாகிவிட்டன. தாரணி இப்போது நாலாம் வகுப்பு. வாசிப்பில் கெட்டிக்காரி, கணக்கில் கொஞ்சம் சோம்பல், வகுப்பில் அளவுக்கு மிஞ்சிக் கதைக்கிறாள் என்று முறைப்பாடு வருகிறது. அனிகாவும் நன்றாகப் படிக்கிறாள். எந்தப் பள்ளிக்கூடம் உயர்ந்தது என்று நானும் அக்காவும் இப்போது கதைப்பதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மீனைக் கொண்டுவந்து சமையலறையில் வைத்துவிட்டு, ரகு வீட்டின் நிலவறைக்குப் போய்ச் சுத்தியலும் ஒரு பெட்டி ஆணியும் எடுத்துக்கொண்டு வந்தார். கல்யாணம் முடித்து வந்த நாள் முதல் எங்கள் வீட்டுச் சுவரில் நாங்கள் ஓர் ஆணி அடித்ததில்லை. எப்போது விற்றுவிட்டுப் போவோமோ, சுவரைப் பழுதாக்குவானேன் என்று எல்லாப் படங்களையும் அலுமாரிக்கு மேலே அடுக்கி வைத்திருந்தோம்.

"முதல் எதைக் கொளுவுறது?" என்று கேட்டார்.

"எதெண்டாலும் கொளுவுங்கோ," என்றேன். மீனுக்கு மஞ்சள் பிரட்டிக்கொண்டு, அவர் ஆணி அடிக்கும் சத்தத்தைக் கேட்டபடி நின்றேன். முதல் ஆணி வளைந்துவிட்டது. அவர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, கொஞ்சம் தள்ளி இன்னொன்று அடித்தார்.